புகைபோக்கியை வரைந்த பிளெஹன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மூடுபனி, நிலவு, இடிந்த மடாலயம் இவைதான் ஜெர்மானிய நிலக்காட்சி ஓவியம் என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. அதே காலத்தில் பெர்லினில் இருந்த ஓவியர் கார்ல் பிளெஹனின் பெயர்கூட அதில் இல்லை.

1798இல் கோட்பஸ் ஊரில் பிறந்தவர். வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, 1822இல் பெர்லின் கலைக் கழகத்தில் சேர்ந்தார். அப்புறம் சில வருடம் நாடக அரங்கில் காட்சித் திரைகள் வரைந்தார். 1828இல் இத்தாலிக்குப் போனதும் அவர் வரையும் விதமே மாறிவிட்டது. காய்ந்த மண்ணையும் வெயிலில் வெளுத்த சுவர்களையும் கொஞ்சமும் மெருகேற்றாமல் தீட்டினார்.

ஊர் திரும்பியபின் வரைந்த எபர்ஸ்வால்டே ஊரின் உலோக உருட்டாலை (உலோகத்தை உருட்டித் தகடாக்கும் ஆலை) படம்தான் எனக்குப் பிடித்தது. சுமார் 25 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், அவ்வளவுதான். முன்னால் தண்ணீர், படகில் ஆட்கள். பின்னால் புகை கக்கும் ஆலை. 1830 வாக்கில் ஆலையை நிலக்காட்சிக்குள் கொண்டுவர எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? அவர் அதைத் திட்டவும் இல்லை, கொண்டாடவும் இல்லை.

பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் கேட்டதற்காக, மயில் தீவிலிருந்த பனைமரக் கண்ணாடி மாளிகையையும் வரைந்தார். அதில் கீழ்த்திசை உடையில் பெண்கள் சாய்ந்து கிடக்கிறார்கள். பெர்லின் பக்கத்தில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கக் கூடாது! மாளிகை 1880இல் எரிந்துபோனது.

1831இல் கலைக் கழகத்தில் நிலக்காட்சி ஓவியப் பேராசிரியரானார். சில ஆண்டுகளில் மனநோய் பீடித்தது. எழுத்தாளர் பெட்டினா ஃபொன் ஆர்னிம் அவருக்காக உதவி திரட்டினார். 1840இல், 42 வயதுகூட நிரம்பாமல் இறந்தார். பலரும் இந்தச் சோகத்தையே பெரிதாக்கி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் நெருங்கிய காலத்தில் வரைந்த 'கூரைகளும் தோட்டங்களும்' படத்தைப் பாருங்கள். பெர்லின் வீடொன்றின் பின்பக்கம் தெரிகிற சாதாரணக் காட்சி. கலக்கமே இல்லாத கை அது.

இப்போது அந்தப் படம் பெர்லின் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உங்கள் வண்ணப் பக்கத்தில் அதை ஒருமுறை வெளியிடலாமே? தபால்தலை அளவில் போட்டுவிடாமல், அரைப் பக்கமாவது கொடுங்கள்.

- வாசகர், கும்பகோணம்