ஆண்டறிக்கை – முதல் தலைமுறை மாணவர் உதவிச் சங்கம்

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள், வராமல் பிறகு வாட்ஸ்அப்பில் வாசிக்கப்போகும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு 6 முறை கூடியது. 2 முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லை. விண்ணப்பம் நிரப்பும் முகாம் நடந்தது. பழைய புத்தகங்கள் சேகரித்தோம்.

சனிக்கிழமைக் கணக்கு வகுப்பைப் பற்றிப் பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தாயிற்று, அப்புறம் நமக்கென்ன வேலை?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை முதல் பருவத்தில் அரியர் வைத்தால் வீட்டிலும் சொல்லாது, பேராசிரியர் அறை வாசலுக்கும் போகாது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதக்காரர் இதை ஆராய்ந்தார். நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்கள் உழைக்காதவர்கள் அல்லர், தனித்தனியே உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். அவர் தம் பயிற்சியில் எளிய கணக்குகளைத் தரவில்லை. கடினமானவற்றையே தந்து குழுவாகப் போட வைத்தார். தேர்ச்சி கூடியது. அதனால்தான் 'பின்தங்கியோர் வகுப்பு' என்று பலகை மாட்ட நான் ஒப்பவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே யார் வந்து உட்காருவார்?

முதல் வாரம் 9 பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மூலை, நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். நாலாவது வாரம் ஒரு பெண் கரும்பலகையில் ஒரு தொகையீட்டுக் கணக்கு போட்டாள். "மாறிலியை விட்டுட்டே" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "நீ வந்து போடேன்" என்று சாக்பீஸை நீட்டினாள். அன்றைக்கு அறையைப் பூட்ட இரவாகிவிட்டது.

வழிகாட்டிகளாகப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். சனிக்கிழமைகளில் வந்தவர்கள் 3 பேர், என்னையும் சேர்த்து. ஒரு பையன் தன் வழிகாட்டிக்கு 3 முறை போன் செய்திருக்கிறான். நாலாவது முறை செய்யக் கூச்சப்பட்டு விட்டுவிட்டான். அந்த வழிகாட்டி யாரென்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை முடிந்ததும் வாசிப்பார். சந்தா பாதிக்கு மேல் பாக்கி. நகல் எடுத்த செலவில் ஒரு பகுதி என் கைக்காசு. திரும்பக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

அறை தந்தவர்களுக்கும், புத்தகம் தந்தவர்களுக்கும், தலைவரின் வழிகாட்டலுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியாயிற்று. ஆனால் ஒன்று. சேர்க்கை உறுதியான நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். கட்டணக் கெடு, விடுதி விண்ணப்பம், ஒரு சான்றிதழ் குறைவு, இவ்வளவுதான் காரணம். அந்த வாரங்களில் போனை எடுத்துப் பதில் சொல்ல 8 பேர் வேண்டும். 8 பெயர் சேர்ந்தால் வீட்டில் மறுபடி பேசிப் பார்க்கிறேன். தாளும் பேனாவும் வாசல் மேசையில் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

– செயலாளர்