கூப்பர் பிளாக்: தலைப்புக்கென்றே பிறந்த எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கில எழுத்துருக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரை, 'கூப்பர் பிளாக்' எழுத்துருவை 1970-களின் விளம்பர மோகம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த மதிப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்துகொடுத்த ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து, அந்நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் ஈய அச்சாக வெளியிட்ட எழுத்து அது. கூப்பர், அமெரிக்க எழுத்துரு வடிவமைப்பாளர் ஃபிரடெரிக் கௌடியிடம் பயின்றவர். கனத்தைக் கண்டு அதைப் புதுப்பாணி என்று பலர் எண்ணினாலும், பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய பழைய ஐரோப்பியப் புத்தக எழுத்தின் மரபு அதனுள் இருக்கிறது. ஆங்கில 'ஓ' (O) எழுத்தின் நடுவெளி நேராக நில்லாமல் இடப்பக்கம் சாய்ந்திருப்பதே இதற்குச் சான்று. செரிஃப் எனப்படும் நுனிக்கால்கள் கூர்மையின்றி உருண்டு முடிகின்றன. உருண்ட கால்கள் கண்ணுக்குக் குட்டையாகத் தோன்றும் என்பதால், அவை எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குச் சற்றே கீழே இறங்கும்படி வரையப்பட்டுள்ளன. இவ்வளவு தடித்தும் இந்த எழுத்து மிரட்டாமல் இணக்கமாகத் தெரிவதற்கு இந்த நுணுக்கமே காரணம் என்பது என் கருத்து. எழுத்துகளின் மேற்புறமும் கீழ்ப்புறமும் நீளும் கோடுகள் குட்டையாக இருப்பதால், இரண்டு மூன்று வரிகளை நெருக்கி அடுக்கினாலும் ஒன்றோடொன்று முட்டுவதில்லை.

1960-களில் ஈய அச்சுக்குப் பதில் ஒளிப்படம் மூலம் எழுத்துக் கோக்கும் ஒளியச்சுக் கோப்பும் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களும் பரவியபோது இதற்கு மறுவாழ்வு கிடைத்தது உண்மைதான். 'பீச் பாய்ஸ்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் 1966-ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையிலும், பின்னாளில் 'ஈசிஜெட்' விமானங்களிலும் அதைக் காணலாம். ஆயினும் மறுவாழ்வு பெற்ற காலத்தைப் பிறந்த காலமாகக் கொள்வது சரியாகாது.

இதன் மீதுள்ள வெறுப்புக்கு நாம் பயன்படுத்தும் விதமே பெரும்பாலும் காரணம். எம்.எஸ். ஆஃபீஸுடன் கணினிக்கு வந்துசேர்ந்த இந்த எழுத்தில், கடைப் பெயரோடு நில்லாமல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். விசிட்டிங் கார்டில் எட்டு பாயிண்ட் அளவில் அடித்தால் 'ஏ' (a), 'ஈ' (e) ஆகிய ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் உள்வெளிகள் மை நிரம்பி அடைபட்டு, வரி முழுவதும் கறுப்புப் பட்டையாகிவிடுகிறது. வாங்கியவர் எண்ணைப் படிக்கவே சிரமப்படுகிறார். கடையின் பெயரை மட்டும் பெரிதாக கூப்பர் பிளாக்கில் வைத்து, மற்றவற்றை 1915-இல் வெளிவந்த கௌடி ஓல்ட் ஸ்டைல் போன்ற மெல்லிய எழுத்தில் கோத்தால், ஆசிரியர் கௌடியும் மாணவர் கூப்பரும் வரைந்த எழுத்துகள் ஒரே அட்டையில் அழகாகப் பொருந்தி நிற்கும்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.