பழி பிரவுசர் மேல் விழும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையப் பக்க வடிவமைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எளிமையான நடை. ஆனால், பக்கம் ஒரு பிரவுசரில் சரியாகவும் இன்னொன்றில் கோணலாகவும் தெரிந்தால் கோணலாகத் தெரியும் பிரவுசரின் பெயரைக் கண்டுபிடித்து அதற்கென்று தனி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி) எழுதச் சொல்லும் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டால், கொஞ்ச நாளில் யாரும் தொடப் பயப்படும் ஸ்டைல் ஷீட்தான் (சிஎஸ்எஸ் விதிகள் உள்ள கோப்பு) மிஞ்சும்.

முதலில், சரியாகத் தெரியும் பிரவுசரைத்தான் நான் சந்தேகப்படுவேன். அது பழைய ஸ்டைல் ஷீட்டையே கேச்சில், அதாவது தன் தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருக்கலாம். புதிய கோப்பை வாங்கிய மற்றதுதான் உண்மையைக் காட்டுகிறது, திட்டும் அதற்கே விழுகிறது. அதேபோல ஒன்றில் ஜூம் 110 சதவீதத்தில் நின்றிருக்கும், இன்னொன்றில் விளம்பரத் தடுப்பான் ஒரு பகுதியையே மறைத்திருக்கும். நம் கணினியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துரு பார்ப்பவர் கணினியில் இல்லாததால் வரி மடிந்திருக்கும். பிரைவேட் விண்டோவில், இரண்டிலும் ஒரே அகலத்தில் திறந்து பார்த்தாலே இவற்றில் பாதி தெளிந்துவிடும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் நாம் எழுதியது. சிஎஸ்எஸ் தனக்குப் புரியாததைக் கண்டால் சத்தம் போடாது, தாண்டிப் போய்விடும், விதியே அப்படித்தான். காற்புள்ளி போட்டு நான்கு செலக்டர்களை (விதி எந்தெந்தப் பகுதிகளுக்கு என்று சொல்பவை) வரிசையாக எழுதுகிறோம். அவற்றில் ஒன்றை மட்டும் அந்தப் பிரவுசர் அறியாது என்றால் நான்குக்குமான விதி முழுவதும் செல்லாது. புதிய பிரவுசரில் எல்லாம் சரி, சற்றுப் பழையதில் எல்லாம் போச்சு என்ற புகாருக்குப் பின்னால் இப்படி ஒரு வரி ஒளிந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அந்த ஒன்றைத் தனி விதியாகப் பிரித்து எழுதினால் முடிந்தது. இதற்கு பிரவுசரின் பெயர் எதற்கு?

அந்தப் பெயரையும் நம்ப முடியாது என்பது வேறு விஷயம். எட்ஜ் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் மொசில்லா, குரோம், சஃபாரி எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. பெயர் வைத்துப் பிரித்த காலத்தில் தளங்கள் கதவைச் சாத்திவிடக் கூடாது என்று ஒவ்வொரு பிரவுசரும் முந்தையதன் பெயரையும் சேர்த்துக்கொண்டே வந்ததன் விளைவு இது. தேவைப்பட்டால் வசதி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்க சிஎஸ்எஸ்ஸிலேயே '@சப்போர்ட்ஸ்' உண்டு. அதற்கும் ஓட்டைகள் உண்டு, மறுக்கவில்லை. பக்கத்தின் பகுதிகளை வரிசைப்படுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையில், இடைவெளி விடும் 'கேப்' சஃபாரிக்கு 2021இல்தான் வந்தது. ஆனால் கிரிட் என்ற இன்னொரு முறையில் அது முன்பே இருந்ததால், கேட்டால் 'ஆம்' என்றே பதில் வரும், பக்கத்திலோ இடைவெளி இருக்காது.

பிரவுசர்களின் பட்டியலைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். உள்ளே ஓடிப் பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் என்று பார்த்தால் முக்கியமானவை மூன்றுதான்: குரோம், எட்ஜ், ஓபராவுக்கு பிளிங்க், ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். பிளிங்க்கும் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததே. குரோமில் பார்த்துவிட்டு எட்ஜில் ஒரு முறை, ஓபராவில் ஒரு முறை என்று நேரம் செலவழிப்பதைவிட மற்ற இரண்டு எஞ்சின்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம். ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் பெரும்பாலும் உள்ளே வெப்கிட்தான். ஆப்பிள் நெடுங்காலம் வேறு எஞ்சினை அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் தளர்த்தியது.

இங்கேதான் கட்டுரையின் பெரிய சறுக்கல் என்பேன். பிரவுசரோடு வரும் சோதனைக் கருவியான டெவலப்பர் டூல்ஸில் ஐபோன் அளவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். அது திரையின் அளவை மாற்றும், தொடுதலைப் பாவனை செய்யும். குரோமில் பார்த்தால் எஞ்சின் அதே பிளிங்க்தான். உயரம் 100விஎச் (திரையின் முழு உயரம்) என்று கொடுத்த பக்கத்தின் அடிப் பொத்தான் நிஜ ஐபோனில் முகவரிப் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதை அந்தப் பாவனை காட்டாது. பட்டை சுருங்கும்போதும் விரியும்போதும் உயரம் மாறுவதால் வந்த சிக்கல் அது. 2022இல் பட்டையின் மாற்றத்தைக் கணக்கில் கொள்ளும் டிவிஎச், எஸ்விஎச் போன்ற அலகுகள் பிரவுசர்களுக்கு வந்த பிறகு ஓரளவு தீர்ந்தது. உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி பக்கத்தைத் தானாகப் பெரிதாக்குவதும் கருவியைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. நிஜக் கருவிகளை இணையம் வழியே வாடகைக்குத் தரும் சேவைகள் இருக்கின்றன, நண்பரின் போனும் இருக்கிறது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஒட்டு வேலைகளுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருந்தீர்கள். பதினோராம் பதிப்பின் டெஸ்க்டாப் பயன்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்றே பொதுவான ஆதரவை நிறுத்திவிட்டது. புதிதாகக் கற்பவருக்கு அது வரலாறு, அவ்வளவே. அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் டாக்டைப், அதாவது இது எந்த வகை ஆவணம் என்று பிரவுசருக்குச் சொல்லும் அறிவிப்பு. பக்கத்தின் முதல் வரியில் அது இல்லாவிட்டால் இன்றைய பிரவுசர்களும் பழைய தளங்களுக்கான 'குவிர்க்ஸ்' முறைக்குப் போய்விடும். கட்டுரையில் கொடுத்த மாதிரிப் பக்கத்திலேயே அந்த வரி விடுபட்டிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வித்தியாசம் நிற்கிறது என்றால் பக்கத்தை நகல் எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். கோணல் இன்னும் இருந்தால் மீதியில் பாதியை வெட்டுங்கள். மறைந்தால் வெட்டிய பாதியில் தேடுங்கள். கடைசியில் பத்திருபது வரிகளுக்கு வந்து நிற்கும். பெரும்பாலும் அங்கேயே நம் தவறு பல்லிளிக்கும். இல்லையென்றால் உண்மையான பிரவுசர் பிழை ஒன்று அகப்பட்டிருக்கிறது. குரோமியம், மொசில்லா, வெப்கிட் மூன்றுமே வெளியார் பிழைகளைப் பதிவு செய்யப் பொதுத் தளம் வைத்திருக்கின்றன. அந்தச் சின்னப் பக்கத்தையே அங்கே கொடுக்கலாம். அதை எப்படி எழுதிப் பதிவு செய்வது, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பதையெல்லாம் எப்படிக் குறிப்பிடுவது என்று இதே கட்டுரையாளரிடம் ஒரு கட்டுரை கேட்டு வாங்கி வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
வாசகர்