மே மாத மாடித்தோட்ட அறிவிப்பு

வணக்கம். கத்திரி வெயில் முடியும்வரை தக்காளிக்குப் புது உரம் எதுவும் வேண்டாம். பூ கொட்டுவது சத்துக் குறைவால் அல்ல. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிரும். 50 சதவீத பச்சை நிழல்வலையைச் செடிக்கு இரண்டடி மேலே கட்டுங்கள். செடியோடு ஒட்டிக் கட்டினால் உள்ளே புழுக்கம்தான்.

தண்ணீர் காலை ஏழுக்குள். டேங்க் மாடியில் இருந்தால் மதியம் குழாயில் வருவது வெந்நீர், அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். பைகளில் இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள்; தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும்.

பாகற்கொடியில் பூத்தும் காய்க்கவில்லை என்கிறவர்கள் பொறுங்கள், முதலில் வருவது ஆண்பூ. பெண்பூவின் அடியில் குட்டிப் பாகற்காய் போல முள்ளு முள்ளாகத் தெரியும்.

மல்லிக்கு இதுதான் சீசன். பூத்து ஓய்ந்த நுனிகளை இரண்டு கணு கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வந்து மறுபடி அரும்பு கட்டும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். எறும்பையும் கவனியுங்கள், பூச்சியைக் காவல் காப்பதே அதுதான்.