பீட்சா இருக்கட்டும், மேலே இருப்பது சீஸ்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீட்சாக் கடைகளால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் பெரிய கம்பெனிக் கடைகளை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். டாமினோஸும் பீட்சா ஹட்டும் இந்தியாவுக்கு வந்த 1996-இல் அந்த வாதம் எடுபட்டிருக்கலாம். இன்று ஈரோட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவை வேறு ரகம். டைலர் கடைக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, நாலு மேஜை, கவுன்டருக்குப் பின்னால் ஒரு கரண்ட் ஓவன். முதலாளியே மாவைத் தட்டுவார், வீட்டுக்காரம்மா பில் போடுவார். டியூஷன் விட்டு வரும் பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் காசைப் பங்கு போட்டு ஒரு மீடியம் வாங்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுந்திரிங்க என்று யாரும் சொல்வதில்லை. டீக்கடை பெஞ்சில் அவர்களுக்கு இந்த இடம் என்றைக்காவது கிடைத்ததா? கெடுதல் என்று இதைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் குறையே வேறு. தட்டில் வருவது என்ன என்று கேட்டால் நேரான பதில் வருவதில்லை.

ஒரு கடையில் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) "இது என்ன சீஸ் தம்பி?" என்று கேட்டேன். "சீஸ்தானுங்க்கா, ஃபுல் சீஸுங்க" என்றார். கை கழுவப் போகும் வழியில் ஃப்ரிட்ஜ் மேல் காலி அட்டைப் பெட்டி இருந்தது. ஒரு ஓரத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் 'அனலாக்' என்று போட்டிருந்தது. பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் மாதிரி தாவர எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்யும் பொருள் அது. பாலில் செய்யும் மொசரெல்லா சீஸைவிட விலை வெகு குறைவு. அதை விற்பது குற்றமில்லை. ஆனால் பால் கொழுப்பை எடுத்துவிட்டு வேறு எண்ணெய் சேர்த்ததைப் பால்பொருளின் பெயரில் விற்கக் கூடாது என்பதுதான் எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பெட்டியில் உண்மை இருக்கிறது. சாப்பிடுகிறவர் கண்ணில் பெட்டி படுவதே இல்லை. நூல் மாதிரி இழுபட்டால் அசல் என்று யூடியூபில் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். கொதிக்கக் கொதிக்க வந்து, மேலே ஓரிகானோவும் மிளகாய்த் தூளும் தூவிவிட்டால் எந்த நாக்குக்கும் தெரியாது.

அடுத்தது அளவு. நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர், பொறுத்துக்கொள்ளுங்கள். 7 அங்குல பீட்சாவின் பரப்பு சுமார் 38½ சதுர அங்குலம். 10 அங்குலத்துக்கு 78½. அதாவது 7 அங்குலம் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று இரண்டு பெட்டியைக் கையில் கொடுத்தாலும், இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு 10 அங்குலத்துக்கு ஒரு விரற்கடை குறைவுதான். இலவசம் எதுவும் இல்லாமல் சின்னது ஒன்று 120, பெரியது 220 என்றால் யோசிக்காமல் பெரியதை வாங்குங்கள். பல கடைகளில் இந்த அங்குலமே போர்டில் இருக்காது. ஸ்மால், மீடியம், லார்ஜ், அவ்வளவுதான்.

பில்லையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். உணவகச் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்து, சின்ன வியாபாரிகளுக்கான 'காம்போசிஷன்' என்ற எளிய வரித் திட்டத்தில் சேர்ந்த கடை அந்த வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். நம்மிடம் வாங்க முடியாது, அதை பில்லிலேயே எழுதியிருக்கவும் வேண்டும். ஜிஎஸ்டி எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் 'டாக்ஸ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

என் மாமியார் சுத்த சைவம். பேரன் கூப்பிட்டான் என்று ஆசையாகத்தான் வந்தார். பக்கத்து மேஜையின் சிக்கன் பீட்சாவை அறுத்த அதே உருளைக் கத்தி, துடைக்காமல் எங்கள் பன்னீர் பீட்சாவுக்கு வந்ததைப் பார்த்துவிட்டார். அன்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். இன்னொரு கத்தி வாங்க என்ன பெரிய செலவாகிவிடும்?

பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் மெனுவில் கலோரிக் கணக்குப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரரிடம் அதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவரால் ஆகாது. பால் சீஸா அனலாக்கா, எத்தனை அங்குலம், சைவத்துக்குத் தனிக் கத்தி உண்டா என்று கவுன்டரில் ஒரு சிலேட்டில் எழுதி வைத்தால் போதும். அனலாக் என்று எழுதி இருபது ரூபாய் குறைத்து விற்றால் அதையும் வாங்க ஆள் இருக்கிறார்கள், டியூஷன் பிள்ளைகளே வாங்குவார்கள்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைத் தங்கள் நிருபர் ஒருமுறை சந்தித்தால் நல்லது. சின்னக் கடைகளில் இந்தச் சீஸைச் சோதனைக்கு எடுக்கிறார்களா, எடுத்தால் முடிவை எங்கே பார்க்கலாம் என்று கேட்டு அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.