திட்டிய வாய்களுக்கு ஒரு நன்றி மடல்

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் எல்லோருக்கும், அந்தச் சந்துக்குள் தினமும் வந்துபோகும் பூக்கார அக்கா, பருத்திப்பால் அண்ணன் உள்படப் பலருக்கும், வணக்கம்.

நாங்கள் மலேசியாவில் ஈப்போவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். இதைப் போனில் சொல்லியாகிவிட்டது. நன்றியை மட்டும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும், நாலு பேர் படிக்கும்படி சொல்ல வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். யார் பெயரையும் போடக்கூடாது என்று வீட்டுக்கார அக்கா நாங்கள் கிளம்பும்போதே கண்டித்துவிட்டார். ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். அவரவர் எங்களைத் திட்டியது அவரவருக்கு நினைவிருக்கும். அதை வைத்து உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஆமாம், திட்டியதற்குத்தான் இந்த நன்றி. கார்த்திகைக் கடைசியில் வந்து, சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டுக் கிளம்பும்வரை மதுரையில் எங்களுக்குக் கிடைத்த எந்த உதவியும் திட்டில்லாமல் வரவில்லை. நானோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைத் திட்டிச் சம்பளம் வாங்கியவள். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை.

முதல் நாளே தொடங்கிவிட்டது. திருச்சியில் விமானம் இறங்கி, பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். எழுநூறு ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கார அக்கா ஆட்டோக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டார். "அவன் கேட்பான். நீங்கள் ஏன் கொடுத்தீர்கள், டீச்சர்? மாட்டுத்தாவணி என்ன மலேசியாவிலா இருக்கிறது?" வாசலில் பெட்டியோடு நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோதே, வீங்கியிருந்த அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு நாற்காலியும் ஒரு வாளி வெந்நீரும் வந்தன. அதில் கல் உப்பு போட்டிருந்தது.

அன்று இரவே அவருடைய கணவர் பேத்தியின் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் படம் மங்கலாக இருக்கிறது என்று அது மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் அவர் திட்டியது கணினியை அல்ல, படம் எடுத்த என்னை. சிம் கார்டு வாங்கவும் உள்ளூர் எண் ஒன்று வேண்டும் என்றார்கள். தன் எண்ணைக் கொடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்குப் பத்து நாள் என்னால் எத்தனை குறுஞ்செய்தி வந்து குவிந்ததோ தெரியாது. மன்னிக்கவும், தம்பி.

பஸ் கண்டக்டருக்கு இந்த மடல் போய்ச் சேருமா என்று தெரியவில்லை. முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த டவுன் பஸ்ஸில் ஏறி ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். "பெண்களுக்குக் காசு கிடையாதம்மா, தெரியாதா? முதலில் அந்தப் பையை மூடுங்கள். கூட்டத்தில் இப்படியா விரித்துக் காட்டுவீர்கள்?" என்றார். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது எனக்குத் தெரியாது. இந்த ஊரில் வரி கட்டாதவள் ஓசியில் போகலாமா என்று மனது உறுத்தியது. அதையும் அவரிடம் சொன்னேன். "ரொம்ப உறுத்தினால் இறங்கி ஆட்டோவில் போங்கள்" என்றார். எழுநூறு ரூபாய் ஞாபகம் வந்தது. உறுத்தல் போய்விட்டது.

பூக்கார அக்காவுக்குத் தனியாக எழுத வேண்டும். முதல் நாள் அவரிடம் "எத்தனை வெள்ளி?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பக்கம் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளிக்கிழமை நாளைக்கு. இன்றைக்கு வியாழன்" என்றார். அதன்பிறகு எனக்கு அவர் வைத்த பெயரே வெள்ளி டீச்சர்தான். அம்மாவுக்குக் காலையிலேயே விரிந்த பூ வாங்குவேன். அதற்கும் திட்டு. மதுரை மல்லியை மொட்டாக வாங்க வேண்டும், சாயங்காலம் தலையில் இருக்கும்போது அது மலர வேண்டும், மலர்ந்த பூ வாங்குகிறவர்களுக்கு மூக்கு இல்லை என்று பொருள். மார்கழி, தை பிறந்து பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போனபோது, காசை நீட்டிய என் கையைத் தட்டிவிட்டார். "இந்த விலைக்கு மல்லி வைக்கிறவள் கல்யாணப் பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு என்ன வயது?" எண்பத்து மூன்று என்றேன். பிச்சிப்பூவும் கனகாம்பரமும் கலந்து கட்டிக் கொடுத்தார். வியாபாரி ஒருவர் தன் சரக்கை வாங்காதே என்று திட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொன்று: முழம் போடும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதற்கு மேலும் ஒரு விரற்கடை நூலை ஓட விட்டுத்தான் அறுப்பார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

மார்கழிக் கோலத்தைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. அதிகாலையில் நான் வைத்த புள்ளிகளைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் காலால் அழித்துவிட்டு, "டீச்சர், இது கரும்பலகை இல்லை, குனிந்து போடுங்கள்" என்றாள். பொங்கலுக்குள் பதினைந்து புள்ளிவரை வந்துவிட்டேன் என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊர் சுற்றியதைப் பற்றி அம்மா நிறைய எழுதச் சொன்னார். ஜிகர்தண்டாவைப் பற்றி எழுத மாட்டேன், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எத்தனை மதியங்களைக் கழித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பென்சிலோடு நூலகப் புத்தகத்தைத் திறந்த என்னை, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் "கோடு போடாதீர்கள்" என்று அதட்டினாளே, அவளுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தைப்பூசத்தில் வரும் தெப்பத் திருவிழாவன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சந்தே என்னை மன்னிக்காது. எங்களுக்குத் தைப்பூசம் என்றால் ஈப்போ கல்லுமலைக் கோயிலும் காவடியும்தான். தெப்பக்குளக் கரையில் காலையிலேயே கூட்டம் சேர்வதைப் பார்த்து, மாரியம்மன் கோயிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். ஊரெல்லாம் இங்கே இருக்கிறது, ஆகவே மீனாட்சியம்மன் கோயில் காலியாக இருக்கும், அம்மாவை நிதானமாகத் தரிசனம் செய்ய வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆசிரியையின் கணக்கு! ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால், நடை சாத்தியிருந்தது. அம்மனும் சுவாமியும் விடிவதற்குள் புறப்பட்டு எங்கள் சந்தின் முனைக்கே போய்விட்டார்கள். தெப்பத்தன்று பெரிய கோயிலில் மூலவர் தரிசனம் கிடையாதாம்.

எங்களைத் திரும்ப அழைத்துவந்த ஆட்டோக்காரர் (இவர் நியாயமான ஆள்) வழி முழுக்கத் திட்டினார். "அவள் உங்கள் வீட்டு வாசலைத் தேடி வந்திருக்கிறாள். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்." திட்டுக்கு நடுவே வரலாறும் வந்தது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், மகால் கட்ட மண்ணெடுத்த பள்ளம் என்று சொல்வார்கள், தோண்டும்போது கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார். குளத்துக்கு வந்து சேர்ந்தபோது வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீரில் சத்தமில்லாமல் நகர்ந்தது. கூட்டத்தை விலக்கி அம்மாவைக் கரைச் சுவர்வரை கூட்டிச்சென்று நிறுத்தியது அதே ஆட்டோக்காரர்தான். வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்ததற்குப் போலீஸ்காரரிடம் அவரும் திட்டு வாங்கினார்.

கீழடிக்கும் போனோம். அருங்காட்சியகத்தில் அம்மா தங்கத்தையும் தந்தச் சீப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோனார். சுடுமண் வட்டச் சில்லுகள் இருந்த கண்ணாடிப் பெட்டியில் போய் நின்றவர் நகரவில்லை. பானை ஓட்டை உடைத்து, ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வீட்டு வரிசையின்) முன்னால் பாண்டி ஆட அவரும் இப்படித்தான் தேய்ப்பாராம், சிமெண்டுத் தரையில், எச்சில் தொட்டு. கண்ணாடிமேல் சாய்ந்துகொண்டு விரலால் தேய்த்துக் காட்டினார். ஊழியப் பெண் ஓடி வந்து, "பாட்டி, சாயாதீர்கள்" என்று அதட்டியவர், அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரே போட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சில்லுகளுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் வயது. அம்மாவின் சில்லு எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் தொலைந்துபோனது.

தாத்தாவின் ஊரைத் தேடிப் போனது பலிக்கவில்லை. அவர் 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். மேலூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்கார அக்காவின் தம்பி மகன் காரில் அழைத்துப்போனார். அரிட்டாபட்டி டீக்கடையில் விசாரித்தோம். "ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் போகட்டும். குலதெய்வம் தெரியுமா? அதுகூடத் தெரியாமலா கடல் தாண்டி வந்தீர்கள்?" என்றார் கடைக்காரர். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "பதினெட்டாம்படிக் கருப்பு" என்றார். கடையே சிரித்துவிட்டது. "அப்படியானால் இந்த நாட்டில் பாதிப் பேர் உங்கள் பங்காளிதான், அப்பத்தா." டீக்கு யாரும் காசு வாங்கவில்லை. பங்காளி வீட்டில் காசு வாங்குவார்களா என்று அதற்கும் ஒரு அதட்டல். மலையில் இருக்கும் குடைவரைச் சிவன் கோயிலைக் காட்டினார்கள். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர் ஊராகத் திரண்டதையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அம்மாவை அப்பத்தா என்று யாரும் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் பாட்டிதான். காரில் வரும்போது அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது அழகர். அவர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஆற்றுக்குள் போகக்கூடாது என்று சந்தே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கூட்டத்தில் எண்பத்து மூன்று வயதுக்காரரை இறக்க நினைத்ததற்காக நான் மொத்தமாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பதிலாக முந்தின நாள் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு அழைத்துப்போனார்கள். வீட்டுக்கார அக்கா ஒரு பித்தளைச் சொம்பில் சர்க்கரையை நிரப்பி, வாழையிலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் வைத்து அம்மாவின் கையில் கொடுத்தார். நாள் முழுக்கக் காத்திருந்தோம். கருப்பசாமி வேடம் போட்ட இளைஞர் ஒருவர், தோளில் ஆட்டுத்தோல் பையோடு, தண்ணீரைப் பீய்ச்ச வந்தவர், அம்மாவைப் பார்த்து நின்றார். "அப்பத்தா, கண்ணாடியைக் கழற்றுங்கள். நனைந்தால் அப்புறம் சாமி எப்படித் தெரியும்?" அம்மா கழற்றவில்லை, கையில் சொம்பு இருந்தது. அவரே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரை மேலே எறிந்தார். பல்லக்கு வந்தபோது அம்மாவுக்குச் சூட வெளிச்சமும் எதிரே ஒரு பெரிய மினுமினுப்பும் மட்டும்தான் தெரிந்திருக்கும். கண்ணாடியைப் போட்டுவிடப் போனேன். "சும்மா இரு" என்றார். அன்று எனக்குக் கிடைத்த கடைசித் திட்டு அது.

அம்மா தினமும் காலையில் சந்தில் போகிறவர்களிடமெல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். முதலில் சிரித்தீர்கள். கிளம்பும் வாரத்தில் பருத்திப்பால் அண்ணன் அதே வார்த்தையைச் சொல்லி டம்ளரை நீட்டினார். ஆறவைக்காமல் குடிக்கச் சொல்லிச் சத்தமும் போட்டார். சுக்கும் கருப்பட்டியும் போட்ட அந்தப் பாலை இங்கே செய்துபார்க்க, பருத்திக்கொட்டைக்கு எங்கே போவது?

வீட்டுக்கார அக்கா கொடுத்த சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் தனியாகத்தான் அலசினேன். சாயம் போகவில்லை. சொம்பு பூஜை அறையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே சர்க்கரை ஒட்டியிருந்தது.

பூக்கார அக்காவுக்கு ஒன்றரை முழத்துக்கு நாற்பது ரூபாய் பாக்கி. கிளம்பிய நாள் அவர் வரவில்லை. எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கமாட்டேன் என்று அவனைத் திட்டாமல் வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
வெள்ளி டீச்சர்
(அப்பத்தாவும் சேர்த்துத்தான்)
ஈப்போ