இரண்டு பேருக்கு ஒரு நாணயம்: ஐரோப்பிய நகர மேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மேயர்களுக்கும் சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஆலைகள் வாங்கவிருக்கும் நெசவு இயந்திரங்களை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வது என் கணவரின் வேலை. அதற்காக அவர் இருபத்திரண்டு நாள் உங்கள் பக்கம் புறப்பட்டபோது, பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட நானும் சொந்தச் செலவில் உடன் வந்தேன். பகலில் அவர் ஆலைக்குப் போவார். மாலைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் இருவருமாக ஊர் பார்ப்போம். பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், வியன்னா என்று நாங்கள் கண்டு வியந்தவற்றை எழுதினால் அது வேறு மடலாகிவிடும். இது கழிப்பறை பற்றிய மடல்.

உங்கள் ஊர்களில் அவசரத்துக்கு ஒதுங்குவதற்கு என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை மட்டும் சொல்கிறேன். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை; அந்த ஊர்க்காரர்கள் மற்றபடி எங்களை அன்பாகவே நடத்தினார்கள்.

இரண்டு மணி நேரம் குளிரில் நடந்துவிட்டு ரயில் நிலையத்துக்குத் திரும்பியிருந்தோம். வண்டிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. கழிப்பறை வாசலில் சுழலும் கம்பித் தடுப்பு. ஆளுக்கு ஒரு யூரோ. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு யூரோ நாணயமும் ஓர் ஐம்பது யூரோ நோட்டும். அந்த இயந்திரம் நோட்டு வாங்காது; வெளிநாட்டுச் செலவுக்காக நாங்கள் கொண்டுபோயிருந்த ஃபாரெக்ஸ் கார்டை மூன்று முறை வைத்துப் பார்த்தோம், மூன்று முறையும் சிவப்பு விளக்கே எரிந்தது. அருகில் நின்ற ஊழியரிடம் நோட்டைக் காட்டியபோது அவர் பேசாமல் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். ஞாயிறு என்பதால் கடைகள் அடைத்திருந்தன. திறந்திருந்த ஒரே ரொட்டிக் கடையில் நீண்ட வரிசை. என் கணவருக்கு வயது 64, புராஸ்டேட் சுரப்பிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. “நீ போ, நான் சமாளிச்சுக்குவேன்” என்றார். முப்பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கையில் மறுபேச்சுப் பேசாமல் நான் அவர் சொன்னபடி கேட்டது அன்றுதான். திரும்பி வந்தபோது, தோளில் மாட்டியிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் எழுத அவர் அனுமதிக்கவில்லை. ரயிலில் விடுதிக்குத் திரும்பும் வரை அவர் அந்தப் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து, வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். நான்காம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக நான் படுத்தேன்.

நாங்கள் உங்கள் ஊரில் ஓசியில் தங்கியவர்கள் அல்லர். அறை வாடகைக்கு மேல் சுற்றுலா வரி என்று தனியாக ஒரு தொகையைக் கட்டியிருக்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது வாடகையில் 12.5 விழுக்காடு. வெனிஸ் நகரமோ அதே ஆண்டிலிருந்து, குறிப்பிட்ட சில நாள்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. வாங்குங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவரிடம் வரி வாங்கும் ஊர், வந்தவருக்குக் காசு கேட்காத கழிப்பறை ஒன்றை, ரயில் நிலையத்திலும் கூட்டம் கூடும் இடங்களிலும் கட்டாயம் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பாரிஸ் நகரத் தெருக்களில் 400க்கும் மேற்பட்ட தானியங்கிக் கழிப்பறைகள் இருக்கின்றன; 2006 முதல் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியின் பல ஊர்களில் நகராட்சியே, கழிப்பறையைத் திறந்துவிடும் உணவகங்களுக்கு ஒரு தொகை கொடுத்துவிடுகிறது. கதவில் ஒட்டிய அடையாளத்தைப் பார்த்து, ஒன்றும் வாங்காதவரும் உள்ளே போய் வரலாம். துப்புரவுக்குச் செலவாகுமே என்பீர்கள். அரசுப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மூன்று ஆண்டு மனுப் போட்ட தலைமையாசிரியை நான். அந்தச் செலவு எனக்குத் தெரியும். எங்கள் ஊரை உயர்த்திப் பேசவும் வரவில்லை. ‘இலவசம்’ என்று எழுதிய சுவருக்குக் கீழேயே மேசை போட்டுக் காசு வாங்குகிற பேருந்து நிலையங்கள் எங்களிடமும் உண்டு. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். சில்லறை இல்லை என்றால் “போயிட்டு வாங்க பெரியவரே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லக்கூடியவர். உங்கள் கம்பித் தடுப்புக்கு அது தெரியாது.

பிரஸ்ஸல்ஸில் இரண்டடிக்கும் குறைவான உயரத்தில் நீரூற்றுச் சிலையாக நிற்கும் ஒரு வெண்கலச் சிறுவன், நானூறு ஆண்டுப் பழைய சிலையின் நகல், நட்டநடுத் தெருவில் யாருக்கும் ஒரு காசு கொடுக்காமல் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடைகள், அவற்றை வைக்க ஓர் அருங்காட்சியகம். அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்களோ! ஆம்ஸ்டர்டாம் தெருவோரங்களில் ஆண்களுக்கு இரும்பு மறைப்புகள் இருக்கின்றன. அப்படி எதுவும் இல்லாத பெண்களில் ஒருவர் 2015இல் தெருவில் ஒதுங்கி அபராதம் கட்ட நேர்ந்து, 2017இல் வழக்காடியபோது, ஆண்களுக்கானதையே பயன்படுத்தியிருக்கலாமே என்று நீதிபதி சொன்னதும், அதைக் கேட்டுப் பெண்கள் கொதித்தெழுந்ததும் நீங்கள் அறிந்ததே. ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி போட்டவன் என்று உலகம் இன்றும் சிரிக்கிறது. துணித் தொழிலில் ஊறிய என் கணவர் அவன் பக்கம் பேசுவார்: அந்தக் காலத்தில் துணி வெளுக்கவும் தோல் பதனிடவும் சிறுநீர் தேவைப்பட்டது, பொதுக் கழிப்பிடங்களிலிருந்து அதை வாங்கிச் சென்ற தொழில்காரர்களிடம்தான் அவன் வரி வாங்கினான், கழித்தவரிடம் அல்ல. அந்த வகையில் அவன் உங்களைவிட நியாயஸ்தன்.

எல்லை மீறி எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். வகுப்பறையில் பேசிப் பழகிய நாக்கு. பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: சுற்றுலா வரி வாங்கும் ஊரில் காசு கேட்காத கழிப்பறை வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை நோட்டை மாற்றித் தரும் ஓர் இயந்திரத்தையாவது அந்தத் தடுப்புகளுக்கு அருகே வையுங்கள். முதியவர்களும் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் கேட்டால் தடுப்பைத் திறந்துவிடும் அதிகாரத்தை அங்கே நிற்கும் ஊழியருக்குக் கொடுங்கள். அவர் பலகையைக் காட்டியது கல்மனத்தால் அல்ல, வேறெதுவும் செய்ய அவருக்கு அனுமதி இல்லாததால் என்றே இன்னும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு அதே ஆலைக்கு என் கணவர் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. தனியாகவே போய் வருகிறேன் என்கிறார். மிச்சம் கொண்டுவந்த சில்லறையில் ஒரு யூரோ நாணயங்களாகப் பொறுக்கி, ஒரு திருநீற்றுச் சம்புடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்று இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
கோயம்புத்தூர்.